பரிசீலனையில் உள்ள பிரேக்

முதலாவது அநியாயம் எழுபத்து நான்காம் வருடம் நடந்தது: இலங்கையிலிருந்து வந்து கப்பலிலிருந்து இறங்கிய பதினொரு குடும்பங்களை, பஸ் வருகிறது என்று சொல்லி ஒரு பகல் முழுக்க வெயிலில் நிறுத்திவைத்து, கடைசியில் மூட்டை ஏற்றுகிற லாரியில் திணித்து மலைக்கு அனுப்பினார்கள். இரண்டாவது எழுபத்தெட்டில்: நான்கு வருடம் தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டிய கையைப் பார்த்து, நீ இன்னும் தற்காலிகம் என்றார்கள். மூன்றாவது எண்பத்து மூன்றில்: தோட்டத்து லாரி வளைவில் உருண்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று மூன்று தடவை சொல்லியிருந்த, அதிலேயே செத்துப்போன டிரைவர் அந்தோணிமுத்துவின் தலையிலேயே குற்றத்தைக் கட்டினார்கள். நான்காவது எண்பத்தாறில்: நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் முடிந்து எல்லோரையும் உள்ளே விட்டவர்கள் சன்னாசியை மட்டும் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். ஐந்தாவது அதற்கான வழக்கு, இருபத்திரண்டு வருடம், வாய்தா வாய்தாவாக. ஆறாவது, தீர்ப்பு வந்த அன்றைக்கு அவர் கழுத்துக்கு வாங்கின மாலையைச் சங்கத் தலைவர் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றது. ஏழாவது, போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய், கோத்தகிரியில் காய்கறி ஏற்றுகிற இடத்தில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அவருடைய பிக்கப்பை ஓட்டுகிற யோகேஸ்வரி வண்டிச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, "பிரேக்கை மாத்துற வரைக்கும் இந்த வண்டியில ஏறமாட்டேன் தோழர்" என்று சொன்னது.

சன்னாசி இந்த ஏழையும் வரிசை தவறாமல்தான் நினைப்பார். ஏழாவதை நினைக்க வேண்டுமென்றாலும் முதலாவதில் தொடங்கித்தான் வர வேண்டும். நடுவில் நுழைவது அவருக்குப் பிடிக்காது, அது துண்டுப் பிரசுரத்தை நடுப்பக்கத்திலிருந்து படிப்பது போல. ஒவ்வொரு நாளும் பல் விளக்கும்போது ஒருமுறை, சோற்றுக்கு முன் ஒருமுறை என்று வைத்திருந்தார். நினைத்து முடித்ததும் நெஞ்சுக்குள் கசப்பு சரியான அளவில் ஏறி நிற்கும், அதற்குப் பிறகுதான் அவருக்கு நாள் ஓடும். இன்றைக்கு மேட்டுப்பாளையத்தில், ஜலாலுதீனின் ஒர்க்‌ஷாப்பில், பழைய லாரியிலிருந்து கழற்றிப் போட்ட சீட்டில் உட்கார்ந்து ஏழையும் இரண்டு தடவை நினைத்துப் பார்த்துவிட்டார். கசப்பு வரவில்லை. மூன்றாம் தடவை நினைத்தபோது நான்காவது அநியாயத்தில் சிரிப்பே வந்துவிட்டது: கேட்டுக்கு வெளியே நிறுத்திய வாட்ச்மேன், மேனேஜர் அந்தப் பக்கம் திரும்பியதும் ரகசியமாக ஒரு பீடி கொடுத்தானே, அது இத்தனை வருடம் எங்கே ஒளிந்திருந்தது? எதிரே பாக்கு மரங்களின் தலையில் பத்து மணி வெயில் எண்ணெய் தடவினாற்போல் இருந்தது. கனகத்தின் டீக்கடையில் யாரோ தும்மினார்கள், அந்தத் தும்மல்கூட நன்றாக இருந்தது. டீயைக் குடித்தார், இன்னொன்று சொன்னார். சர்க்கரை அதிகம் என்று கனகத்திடம் எப்போதும் சண்டை போடுகிறவர் இன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் குடித்ததைப் பார்த்து, அவள், "என்னங்க தோழரே, காய்ச்சலா?" என்று ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டாள். இல்லை என்று கையை ஆட்டினார்.  காலையில் மலை இறங்கும்போது ஒரு வளைவில் நடந்ததை அவர் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. தன்னிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை, நினைப்பு அந்த வளைவுக்குக் கிட்டே வரும், வந்ததும் டீயின் நிறத்தைப் பற்றியோ பாக்கு மரத்தைப் பற்றியோ யோசிக்கப் போய்விடும்.

வண்டி முன்னால் நின்றது. ஜாக்கியில் முன்பக்கம் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றிவைத்திருந்தார் ஜலாலுதீன். பச்சை பிக்கப், இரண்டாம் கையாக வாங்கியது, முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக் வைத்த பழைய மாடல். வழக்கு ஜெயித்து வந்த பணத்தில் வாங்கியதால் ஊரில் அதற்கு வழக்கு வண்டி என்று பெயர். சிறு விவசாயிகளின் கேரட்டையும் பீட்ரூட்டையும் இடைத்தரகன் இல்லாமல் கீழே மண்டிக்குக் கொண்டுபோக வேண்டும், வண்டி ஓட்டுகிற கைக்கு நியாயமான கூலி இருக்க வேண்டும், ஆட்களை மூட்டையோடு மூட்டையாக ஏற்றக் கூடாது: இந்த மூன்றும் வண்டி வாங்கிய அன்றே அவர் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய விதிகள். மூன்றையும் மீறாமல் ஓட்டினவள் யோகேஸ்வரி. ஏழு வருடமாக. மலையில் பெண் ஒருத்தி லோடு வண்டி ஓட்டுவதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு எதிராக அவர் தனியாக ஒரு பிரசுரமே போட்டார், 'ஸ்டியரிங்குக்கு ஆண் பெண் தெரியாது' என்று தலைப்பு, மஞ்சள் தாள், இருநூறு பிரதி. அவள் அதைப் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாமா, ஆனா நான் ரிவர்ஸ் எடுக்கறதைப் பத்தி ஒரு வரி போட்டிருக்கலாம்" என்றாள். சாதாரண நாளில் மாமா. கோபம் வந்தால் தோழர். அன்றைக்குச் சாவியைக் கொடுத்தபோது தோழர் என்றாள்.

ஜலாலுதீன் டிரம்மைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். உள்ளே நீலமும் ஊதாவுமாக, மயில் கழுத்து மாதிரி ஒரு நிறம் ஓடியிருந்தது. "இது எங்கியோ நல்லாக் கொதிச்சிருக்குங்க தோழர்" என்றார். "டிரம்முல உரசுற லைனர் பாருங்க, கண்ணாடி மாதிரி ஆகிப்போச்சு. வர்றப்ப ஏதாச்சும் தெரிஞ்சுதா?" "ஒண்ணும் தெரியல" என்றார் சன்னாசி. அது பொய். சொன்ன பிறகுதான் தெரிந்தது, உழைக்கிற மனிதன் ஒருவனிடம், அவன் தொழிலைப் பற்றி, தான் சொன்ன முதல் பொய் இது என்று. மேனேஜர்களிடம் சொல்லியிருக்கிறார், போலீஸிடம் சொல்லியிருக்கிறார், ஒருமுறை நீதிபதியிடம் பாட்டி செத்துவிட்டாள் என்று சொல்லி வாய்தா வாங்கியிருக்கிறார், அதெல்லாம் வேறு. ஜலாலுதீன் டிரம்மை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, டாக்டர் பார்க்கிற மாதிரி அவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்தார். "சரி. ரெண்டு வழி இருக்குங்க. லைனர் மட்டும் மாத்திட்டா மதியத்துக்குள்ள கிளம்பிரலாம், வண்டி முன்ன மாதிரியே ஓடும். இல்ல, முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டு, மிதிக்கிற காலுக்கு பலம் குடுக்கற பூஸ்டரையும் பெருசா வெச்சுறலாம். இதே கம்பெனி புது மாடல் செட்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் ஆகும். எதுன்னு சொல்லுங்க, எனக்கு இந்த இடம் வேணும், பின்னாடி ஒரு லாரி நிக்குது." "யோசிச்சுச் சொல்றேன்" என்றார். சொல்லிவிட்டு, பரிசீலித்துச் சொல்கிறேன் என்று சொல்லாமல் விட்டதற்காகச் சந்தோஷப்பட்டார். அந்த வார்த்தை இப்போது வேண்டாம்.

வேண்டாம் என்றால் அது போகுமா? பரிசீலனை. யோகேஸ்வரி சாவியைக் கொடுத்ததோடு நிற்கவில்லை, மறுநாள் காலையில் ஒரு தாளில் எழுதியே கொடுத்தாள், அவரிடம்தான் கற்றுக்கொண்டாள், கோரிக்கை என்றால் எழுத்தில் இருக்க வேண்டும், எண் போட்டு இருக்க வேண்டும். ஒன்று, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். இரண்டு, பெரிய பூஸ்டர். மூன்று, இவை நடக்கும்வரை மலைப்பாதையில் வண்டி எடுக்க மாட்டேன். கீழே கையெழுத்து, தேதி. நல்ல கோரிக்கை, கச்சிதமான கோரிக்கை, அவருடைய பழைய கோரிக்கைகளைவிடச் சின்னது. படித்ததும் உட்கார்ந்து பதில் எழுதினார். பேனா தானாக ஓடியது. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. அதில் குறிப்பிட்டுள்ள பொருள் நிர்வாகத்தின் பரிசீலனையில் உள்ளது.' கையெழுத்துப் போட்டு, தேடிப்பிடித்து ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தனுப்பினார். நிர்வாகம்! எந்த நிர்வாகம்? வீட்டில் அவரும் ஒரு பூனையும்தான் இருந்தார்கள். வாழ்நாளில் அவர் அதிகம் படித்தது எது என்று யாராவது கேட்டால் தத்துவம் என்பார், வரலாறு என்பார். உண்மையில் அதிகம் படித்தது மேனேஜர்கள் எழுதிய பதில் கடிதங்களை. பெட்டி நிறைய வைத்திருக்கிறார், ஒவ்வொன்றையும் மனப்பாடமாகச் சொல்வார். கோரிக்கை எழுதத் தானே கற்றுக்கொண்டார். பதில் எழுத அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள். யோகேஸ்வரி அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டப்போவதாகச் சொன்னாளாம்.

பின் எதற்காக மறுத்தார்? மறுக்கவில்லையே, பரிசீலனையில்தானே வைத்தார். மறுபடியும் அந்த வார்த்தை. சரி, கொள்கை இருக்கிறது. இன்றைக்கு டிஸ்க் என்பார்கள், நாளைக்கு வேறொன்று என்பார்கள், விளம்பரம் போட்டுப் போட்டு மனிதனுக்கு இல்லாத பசியை உண்டாக்குகிறார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார், பச்சைத் தாள், முந்நூறு பிரதி. இலங்கையில் அவருடைய சித்தப்பா ஒருவர் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லாரி ஓட்டினார், இறக்கம் முழுக்க இரண்டாவது கியரிலேயே வருவார், பிரேக்கைத் தொடுவது அவமானம் என்பார். கைத்திறன் இருந்தால் போதும். ஆனால் அந்தச் சித்தப்பாவின் லாரிக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள் மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கிக்கொண்டு வருவான், வண்டி நிற்காவிட்டால் குதித்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுக்க. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமல்லவா? கைத்திறனுக்குப் பின்னால் கட்டையோடு ஒருவன். அவன் பெயர் யாருக்காவது தெரியுமா? சன்னாசிக்கு மறுபடி சிரிப்பு வந்தது. இன்றைக்கு என்ன இது, தொட்டதெல்லாம் சிரிப்பாக இருக்கிறது. ஜலாலுதீன் டிஸ்க் செட்டைக் கொண்டுவந்து கீழே சாக்கில் வைத்தார். வட்டமாக, கனமாக, இரண்டு தகட்டுக்கு நடுவில் காற்றுப் போக இடைவெளியோடு. "டிரம்முங்கறது மூடி போட்ட பானைங்க தோழர். உள்ள சூடு ஏறிச்சுன்னா வெளிய போக வழி கிடையாது. மேட்டுல பரவால்ல. இறக்கத்துல மிதிச்சுக்கிட்டே வந்தா லைனர் வெந்துரும், அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது. இது பாருங்க, வெட்டவெளியில இருக்கு, காத்து பட்டுக்கிட்டே வரும்." திறந்தவெளிக் கூட்டம் மாதிரி என்று நினைத்தார் சன்னாசி. மூடின அறைக்குள் பேசுகிற பேச்சுவார்த்தைதான் எப்போதும் வெந்துபோகும். கேட்டுக்கு முன்னால், எல்லோரும் பார்க்கப் பேசினால் காற்றுப் பட்டுக்கொண்டே இருக்கும். ஆகா. இதை ஒரு பிரசுரமாகவே போடலாம். 'டிரம்மும் டிஸ்க்கும்: தொழிற்சங்க நோக்கில் ஒரு பார்வை.' நீலத் தாள்.

எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. அதுதான். மிதித்தார், பிடிக்கவில்லை. நினைப்பு இந்தத் தடவை தப்பித்து ஓட முடியாமல் நேராக வளைவுக்குள் வந்துவிட்டது. அவள் ஓட்டமாட்டேன் என்றால் என்ன, எனக்கு லைசென்ஸ் இல்லையா, கண் இல்லையா என்று காலையில் தானே ஏறி உட்கார்ந்தார். முப்பது மூட்டை கேரட். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை என்று பத்துப் பேருக்கு முன்னால் நிரூபித்துவிட வேண்டும். சித்தப்பா மாதிரி இரண்டாவது கியரில்தான் தொடங்கினார், ஆனால் அடிவாரம் சீக்கிரம் வர வேண்டும் என்ற அவசரத்தில் மூன்றாவதுக்கு எப்போது போட்டார் என்று தெரியவில்லை. தேயிலை முடிந்து காடு ஆரம்பிக்கிற இடத்துக்குக் கீழே, கருகின ரப்பர் வாசனை மாதிரி ஒன்று வந்தது, யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்தார். அப்புறம் வளைவு. மிதித்தார். கால் கீழே போனது, போய்க்கொண்டே இருந்தது, ஈர மண்ணில் மிதித்த மாதிரி, அடியில் தரையைத் தொட்டது. வண்டி நிற்கவில்லை. இடது பக்கம் ஒரு வெள்ளைக் கல் வரிசை, அதற்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது, மரங்களின் உச்சி, கீழேயிருந்து பார்க்க வேண்டியதை மேலேயிருந்து பார்த்தார், ஒரு மரத்தில் சிவப்பாகப் பூத்திருந்தது. பயம் வந்ததா? அந்தோணிமுத்து வந்தான். நாற்பது வருடத்துக்கு முன்னால் வளைவில் இப்படித்தான் மிதித்திருப்பான், மிதித்து மிதித்து, கீழே போகிற காலோடு அவனும் கீழே போயிருக்கிறான், நான் அதைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேனே, அதில் கால் கீழே போகிறதைப் பற்றி ஒரு வரி இல்லையே, எனக்கு என்ன தெரியும் என்று எழுதினேன்? அவர் கை கியரை இரண்டாவதுக்குத் தள்ளியது, இன்ஜின் யானை மாதிரி கத்தியது, முதலாவதுக்குத் தள்ளியது, ஹேண்ட் பிரேக்கை முழங்கை வலிக்க இழுத்தார், ஸ்டியரிங்கை வலது பக்கம் மலையைப் பார்த்து ஒடித்தார். நல்லவேளை எதிரே வண்டி வரவில்லை. மண்மேடு, புல், பச்சை, பெரணி இலைகள் கண்ணாடி முழுக்க வந்து ஒட்டிக்கொண்டன, பின்னால் கேரட் மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சாய்ந்தன. நின்றது. ஒரு குரங்கு மேட்டிலிருந்து இறங்கி வந்து, நிதானமாக ஒரு கேரட்டை எடுத்து, அவரைப் பார்த்துக்கொண்டே கடித்தது. கடக்கென்ற சத்தம். உலகத்தில் முதல் சத்தம் மாதிரி இருந்தது. அப்போது ஆரம்பித்த சந்தோஷம்தான் இது. இன்னும் நிற்கவில்லை. இருக்கிறேன், நான் இருக்கிறேன், அந்தோணிமுத்து, நான் இருக்கிறேனடா என்று வாய்விட்டுச் சொன்னார், அறுபத்தெட்டு வயதில், பெரணி இலைகளிடம். ஒரு மணி நேரம் சூடு தணிய உட்கார்ந்துவிட்டு, அப்புறம் முதல் கியரில், பின்னால் இருபது வண்டிகள் ஹாரன் அடிக்க அடிக்க, கல்யாண ஊர்வலம் மாதிரி இறங்கி, மண்டியில் மூட்டைகளை இறக்கிவிட்டு, இங்கே வந்து சேர்ந்தார்.

வந்து பொய் சொன்னார். ஏனென்றால், லைனர் மட்டும் மாற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. மதியம் கிளம்பி, சாயங்காலம் கோத்தகிரியில், "பார், லைனர் தேய்ந்திருந்தது, அவ்வளவுதான், நீ கேட்டது அதிகம்" என்று அவளிடம் சொல்லிவிடலாம். அவளும் நாலு நாள் முறைத்துவிட்டு ஏறிவிடுவாள், அல்லது ஏறமாட்டாள். ஏறினால்? ஏறினால் என்ன. அவள் மூன்றாவது கியர் போடமாட்டாள், அவளுக்கு அவரைவிட நிதானம். மழைக் காலம் வரும். முப்பது மூட்டை நாற்பதாகும். அவள் காலும் ஒருநாள் கீழே போகும், போய்க்கொண்டே இருக்கும். அப்போது அவர் என்ன எழுதுவார், எந்த நிறத் தாளில்? அந்தச் சிவப்புப் பூ பூத்த மரம் மறுபடி வந்தது, இந்தத் தடவை கண்ணாடிக்கு உள்ளே யோகேஸ்வரியின் முகத்தோடு. அவருடைய சந்தோஷம் அந்த இடத்தில் ஒரு விநாடி ஜாக்கியில் நிற்கிற வண்டி மாதிரி ஆடியது. டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்தார். "ஜலால் பாய்" என்று கூப்பிட வாயைத் திறந்தார்.

"உயிரோடதான் இருக்கீங்களா?"

ரோட்டில் கோத்தகிரி பஸ் நின்று, புகை விட்டுக்கொண்டு போனது. யோகேஸ்வரி நின்றாள். தலை கலைந்திருந்தது, செருப்பு ஒன்று வேறு மாதிரி இருந்தது, அவசரத்தில் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், கை கால் எண்ணிக்கை சரியா என்று பார்க்கிறவள் போல.

"இருக்கேன்."

"அப்ப சரி. இனிமே திட்டலாம்." பையை டயரின்மேல் வைத்தாள். "பஸ் டிரைவர் வந்து சொல்றாரு, உங்க வழக்கு வண்டி வளைவுல மேட்டுக்குள்ள மூக்கை நொழச்சிக்கிட்டு நிக்குது, உள்ள ஒரு கெழவன் தனியா சிரிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காருன்னு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? கால்ல எது இருக்குன்னு தெரியாம ஓடியாந்தேன். எத்தனை மூட்டை ஏத்துனீங்க?"

"முப்பது."

"எந்த கியர்?"

சன்னாசி பாக்கு மரத்தைப் பார்த்தார். "இரண்டாவது."

"தோழர்."

"மூணாவது."

ஜலாலுதீன் குனிந்து சாக்கில் எதையோ தேடுவதுபோல் இருந்தார், தோள் குலுங்கியது. கனகம் பாலாற்றுகிற டம்ளரோடு ரோட்டைத் தாண்டி வந்துவிட்டாள், இனிமேல் அந்தக் கடையில் யாருக்கும் டீ கிடைக்காது.

"பெடல் கீழ போச்சா?" என்றாள் யோகேஸ்வரி. குரல் இறங்கியிருந்தது.

"போச்சு. தரை வரைக்கும்."

"எனக்கு ரெண்டு தடவை பாதி வரைக்கும் போயிருக்கு. அதனாலதான் எழுதிக் குடுத்தேன். நிர்வாகம் பரிசீலனை பண்ணுச்சு."  அப்புறம் அவள் முகத்தில் வேறொன்று வந்தது, அதை அவர் அறிவார், ரிவர்ஸ் எடுப்பதற்கு முன்னால் கண்ணாடியில் பார்க்கிற முகம். "ஒண்ணு கேக்கணும் தோழர். நான் வேலைநிறுத்தத்துல இருந்தேன். எழுத்துல குடுத்துட்டுத்தான் இருந்தேன். நடக்கிற வேலைநிறுத்தத்துல உள்ள பூந்து வண்டி எடுத்துட்டுப் போறவனுக்கு நீங்க ஒரு பேர் வச்சிருப்பீங்களே, பிரசுரத்துல எல்லாம் பெரிய எழுத்துல போடுவீங்களே, அது என்ன?"

 அந்த வார்த்தை சன்னாசிக்குத் தெரியும். எண்பத்தாறில் நாற்பத்தொரு நாளும் கேட்டுக்கு முன்னால் நின்று, உள்ளே போகிற ஒவ்வொரு முதுகின்மேலும் அதைத்தான் எறிந்தார். சுவரில் தாரால் எழுதினார். அந்த வேலைநிறுத்தத்தில் உள்ளே போன தன் சொந்த மச்சானோடு பதினெட்டு வருடம் பேசவில்லை.

"கருங்காலி" என்றார்.

"சத்தமா."

"கருங்காலி!" என்றார் சன்னாசி. சொன்னதும் அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது, இருமலென்று நினைத்தார், சிரிப்பு. லாரி சீட்டில் விழுந்து சிரித்தார். நாற்பது வருடம் உலகத்தை இரண்டாகப் பிரித்து, எல்லோரையும் அந்தக் கோட்டின் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நிறுத்தி, கடைசியில் ஒரே காலையில், ஒரே வண்டியில், தான் மேனேஜராகவும் இருந்து கருங்காலியாகவும் இருந்து, அந்தோணிமுத்துவாகவும் கிட்டத்தட்ட ஆகிப் பார்த்துவிட்டாரே, அந்தக் கோடு எங்கே போனது? கோடு இருக்கிறது, அது எங்கேயும் போகவில்லை. அதோ நிற்கிறாள், வேறு வேறு செருப்புப் போட்டுக்கொண்டு, சரியான பக்கத்தில். கண்ணில் தண்ணீர் வந்தது. யோகேஸ்வரி முதலில் முறைத்தாள், அப்புறம் உதட்டைக் கடித்தாள், அப்புறம் அவளுக்கும் தாங்கவில்லை. கனகம் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தாள்.

"அப்ப டிஸ்க்குதானுங்க?" என்றார் ஜலாலுதீன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "லாரிக்காரன் திட்டறான்."

"டிஸ்க்தான். பூஸ்டரும். எழுதிக் குடுத்த மூணும். ஆனா பாய், ஒரு நிமிஷம் அந்த ஸ்பேனரைக் கீழ வைங்க. கனகம், நீயும் போகாதே. எழுதணும்."

"இப்ப என்ன எழுதப் போறீங்க?" என்றாள் யோகேஸ்வரி. "ஸ்டாம்ப் கொண்டாந்திருக்கீங்களா?"

அவர் மேஜைமேல் கிடந்த பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தைத் திருப்பி, வண்டியின் பானெட்டின்மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். தோட்டத்தில் ஒரு கோரிக்கை ஜெயித்தால் நிர்வாகம் மறுநாளே நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடும், 'நிர்வாகம் தொழிலாளர் நலன் கருதி மனமுவந்து அளிக்கிறது' என்று. கேட்டவன் யார், பட்டினி கிடந்தவன் யார் என்று அதில் இருக்காது. அதனால் சங்கத்துக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அந்தத் தாள் போர்டுக்குப் போவதற்கு முன்னால் தோட்டத்துக் கேட் வாசலில் நின்று, கோரிக்கையை முதலில் எழுப்பியவரின் பெயரைச் சத்தமாகப் படிப்பார்கள், இரண்டு பக்கத்தையும் சேராத இரண்டு பேரைச் சாட்சிக்கு வைத்துக்கொள்வார்கள், சாட்சிகள் கேட்டது உண்மை என்று கையெழுத்துப் போடுவார்கள். பெரும்பாலும் கேட்டுக்கு எதிரே இருக்கிற கடைக்காரர்கள்தான் சாட்சி. சன்னாசி அப்படி எத்தனையோ தாள்களைக் கேட்டு வாசலில் நின்று படித்திருக்கிறார். ஆனால் எல்லாம் கேட்டுக்கு வெளியே இருந்து. கொடுக்கிற பக்கத்தில் நின்று எழுதுவது இதுதான் முதல் தடவை. பேனா மறுபடி பழைய ரூட்டில் போகப் பார்த்தது, 'மனமுவந்து' என்று தொடங்கிவிட்டது. அதை நன்றாக அடித்தார், தாள் கிழிகிற மாதிரி. 'கேட்டதால்' என்று எழுதினார். 'போராடியதால்' என்று சேர்த்தார். 

எழுந்து, சட்டையை இழுத்துவிட்டு, தொண்டையைச் செருமினார். பின்னால் காத்திருந்த லாரியின் டிரைவர்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கதவு வழியாக எட்டிப் பார்த்தான். ஜலாலுதீன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நேராக நின்றார். கனகம் டம்ளரைக் கீழே வைத்தாள். வெயில் தாளின்மேல் விழுந்தது, எழுத்துகள் ஒரு கணம் தெரியவில்லை, தெரிந்தன. எழுபது கிலோ உடம்பிலிருந்து எழுநூறு பேருக்குக் கேட்கிற குரலில், பாக்கு மரங்கள் வரைக்கும், மலை வரைக்கும் போகட்டும் என்று படித்தார்:

"பச்சை பிக்கப் வண்டியின் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் பெரிய பூஸ்டரும் இன்று ஏற்கப்பட்டன. வண்டியின் உரிமையாளர் தாமாகத் தரவில்லை. கேட்டதால், போராடியதால் தந்தார். வேலைநிறுத்தம் முழு வெற்றி. கோரிக்கையை எழுப்பியவர், நடத்தியவர், வென்றவர் பெயர்: ஓட்டுநர் மு. யோகேஸ்வரி."